குட்டி டோர்ச்சுக்கு எந்தப் பெட்டரி?



இந்த இதழில் நாம் எடுத்துக்கொண்ட பாடம் டோர்ச் பெட்டரி. "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிலர் கேட்கக்கூடும். போன மாதம் மட்டும் இந்தக் கேள்வியோடு நமது காரியாலயத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். வீங்கிப்போன பெட்டரியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தவர்களும் அதில் உண்டு. ஆகவே பாடம் தேவைதான்.

விடிய முன் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கும், இரவில் பீலிக்கும் கக்கூசுக்கும் போகிற பெண்களுக்கும், காவல் வேலை செய்கிறவர்களுக்கும் டோர்ச் இல்லாமல் முடியாது. தேயிலை ஓரத்தில் பாம்பு கிடக்கும், பன்றி நிற்கும், சில தோட்டங்களில் சிறுத்தையும் வரும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைநாட்டில் மண் சரிந்தபோது, இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்களின் கையில் இருந்தது டோர்ச்சும் ஃபோன் வெளிச்சமும்தான்.

முந்தி நம் லயங்களில் இருந்தது இரண்டு பெரிய பெட்டரி போடும் நீட்டு டோர்ச். அந்தப் பெட்டரி கெட்டுப்போனால் ஊறிப்போய் டோர்ச்சின் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். அதற்கு மேல் அதால் பெரிய கெடுதி கிடையாது. வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுகிற வழக்கமும் நம்மிடம் இருந்தது. இப்போது விரல் அளவு டோர்ச் வந்திருக்கிறது. பழைய நீட்டு டோர்ச் பத்து சேர்ந்தாலும் அந்த வெளிச்சம் வராது. அதற்குள் இருக்கும் லித்தியம் பெட்டரியைப் பழைய பெட்டரி மாதிரி நினைத்துக் கையாளுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

கல்முனைக் கரையும் நம்ம மலையும்

இந்தப் பாடத்துக்கு விஷயம் தேடி நாம் கல்முனைப் பக்கம் போனதற்குக் காரணம் உண்டு. பெரகலைச் சந்தியைத் தாண்டி, கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்கும் அந்த றோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால் மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று மட்டக்களப்பு வரைக்கும் போகலாம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அந்தக் கரைப் பக்கத்துக் கடைகளில் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு வரும்போது தகப்பனுக்கு மருதமுனைச் சாரமும், வீட்டுக்கு ஒரு குட்டி டோர்ச்சும் வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இந்த டோர்ச்சை அதிகம் பாவிப்பவர்கள் மீன்பிடிக்கப் போகிறவர்கள். இரவில் ஃபைபர் போட்டில் போகிறவர் நெற்றியில் கட்டிக்கொள்ளும் டோர்ச் அவருக்கு இன்னொரு கண். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். இருட்டில் கையில் ஒரு வெளிச்சம் இருப்பதன் பெறுமதி அந்தக் கரைச் சனங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாய்ந்தமருதுக் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த வயதான ஒரு காக்காவிடம் பேச்சுக் கொடுத்தோம். "தம்பி, கடலுக்குப் போறவன் ரெண்டு டோர்ச் கொண்டு போகணும். ஒரு டோர்ச்சும் மடியில மூணு பெட்டரியும் கொண்டு போனா, மடிதான் எரியும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஏன் மடி எரியும் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

லித்தியம் பெட்டரி ஒரு சின்னத் தகரக் குழாய். அதற்குள் நீளமான இரண்டு உலோகத் தகடுகள் பாய் சுருட்டின மாதிரிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று செப்புத் தகடு, அதில் காரீயத்தூள் பூசியிருக்கும். மற்றது அலுமினியத் தகடு, அதில் லித்தியம் கலந்த ஒட்சைட்டு பூசியிருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் நடுவில் தலைமயிரை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். இவை எல்லாம் ஊறியிருக்கும் திரவம் தண்ணீர் அல்ல. மண்ணெண்ணெய் போலத் தீப்பற்றக்கூடிய கரைசல் அது. நடுப்படலம் எங்கேயாவது கிழிந்தாலோ உருகினாலோ இரண்டு தகடும் முட்டும், சூடு ஏறும், அந்தச் சூட்டில் படலம் இன்னும் உருகும், இன்னும் சூடு ஏறும். சில நொடிகளில் பல நூறு பாகைக்குப் போய்விடும். பட்டாசு மாதிரி வெடிப்பதும் உண்டு, ராக்கெட் மாதிரிச் சீறிப் பறப்பதும் உண்டு. டோர்ச் இறுக மூடிய உலோகக் குழாய் என்பதால் வாயு வெளியேற வழியில்லை. வெடிக்கும்போது டோர்ச்சே துப்பாக்கிக் குழாய் போலாகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்களுக்கும் நெருப்பு அனுபவம் உண்டு. 1970களில் அமெரிக்காவில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்ற விஞ்ஞானி முதல் லித்தியம் பெட்டரியைச் செய்தபோது தனி லித்தியம் உலோகத்தைப் பாவித்தார். அது அடிக்கடி தீப்பிடித்தது. அணைக்க வந்த தீயணைப்புப் படையினர், இனி விசேட மருந்துக்கான காசை நீங்களே கட்ட வேண்டிவரும் என்று எச்சரித்தார்களாம். 1980இல் ஜோன் குட்இனஃப் கோபால்ட் ஒட்சைட்டைப் பாவிக்கலாம் என்று காட்டினார். 1985இல் ஜப்பானின் அக்கிரா யொஷினோ தனி லித்தியம் உலோகத்தை விட்டுவிட்டு, கரித் தகட்டைப் போட்டு, பாவனைக்கு ஏற்ற பெட்டரியைச் செய்தார். 1991இல் சோனி கொம்பனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் மூவருக்கும் சேர்த்து இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃப்புக்கு அப்போது வயது 97. அந்த வயதில் நோபல் பரிசு வாங்கியவர் அவருக்கு முன் ஒருவரும் இல்லை.

நல்ல கொம்பனி சரியாகச் செய்தால் இந்தப் பெட்டரி நம்பத்தகுந்த சாமான். உங்கள் ஃபோனிலும் இந்த வகைதான் இருக்கிறது. அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதானே திரிகிறோம்? பெரிய கொம்பனிக்கும் பிசகலாம் என்பதற்கு 2016இல் சம்சுங் தனது நோட் 7 ஃபோன்களை உலகம் முழுவதிலுமிருந்து திருப்பி எடுத்ததே சாட்சி. பெரிய கொம்பனி திருப்பி எடுக்கும். சந்தியில் பாய் விரித்து விற்கும் பெயர் தெரியாத பெட்டரியை யார் திருப்பி எடுப்பார்?

அளவும் வோல்ட்டும்

பெட்டரியின் மேல் 18650, 14500, 16340, 10440 என்று இலக்கம் இருக்கும். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு இலக்கம் தடிப்பு, அடுத்த இரண்டு நீளம், இரண்டும் மில்லிமீற்றரில். கடைசிப் பூச்சியம் உருண்டை வடிவம் என்பதைக் காட்டும். 18650 என்றால் 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். 14500 என்றால் 14க்கு 50.

இந்த 14500தான் வீட்டில் வினையைக் கொண்டுவருவது. ஏனென்றால் அது நம் சுவர் மணிக்கூட்டுக்கும் ரேடியோவுக்கும் போடும் சாதாரணச் சின்னப் பெட்டரியின் அதே அளவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் சாதாரணப் பெட்டரி 1.5 வோல்ட். 14500 லித்தியம் 3.7 வோல்ட், முழுதாக சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். இரண்டு சாதாரணப் பெட்டரி போடும் ரேடியோவில் இரண்டு 14500ஐப் போட்டால், 3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 8.4 வோல்ட் போகும். ரேடியோ ஒரு கணத்தில் செத்துவிடும். மறுபக்கமாக, லித்தியம் சார்ஜரில் சாதாரணப் பெட்டரியைப் போட்டு சார்ஜ் ஏற்றினால் அது ஊறி வெடிக்கலாம். 10440க்கும் மெல்லிய சின்னப் பெட்டரிக்கும் இதே கதைதான். 16340 அளவில் சார்ஜ் ஏற்ற முடியாத 3 வோல்ட் லித்தியம் பெட்டரி ஒன்றும் உண்டு. அதன் மேல் சீ.ஆர். 123 என்று எழுதியிருக்கும். அதைத் தெரியாமல் சார்ஜரில் போடுவது நெருப்போடு விளையாடுவதற்குச் சமன்.

ஆகவே வீட்டில் லித்தியம் 14500 இருந்தால், அதன் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு வளையம் போட்டு வையுங்கள். பாட்டிக்கும் பிள்ளைக்கும் "சிவப்பு வளையம் மணிக்கூட்டுக்கு ஆகாது" என்று சொன்னால் போதும், இலக்கம் வாசிக்கத் தேவையில்லை.

வாங்கும் முன் டோர்ச்சின் உடம்பில் அல்லது பெட்டியில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். 1.5 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு 3.7 வோல்ட் லித்தியம் போடக்கூடாது. சில டோர்ச்சில் 0.9 முதல் 4.2 வரை என்று இருக்கும். அதற்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும். ஒன்றும் எழுதாத டோர்ச்சைக் கடைக்காரரின் பேச்சை நம்பி வாங்காதீர்கள்.

9900 என்ற புளுகு

கல்முனைக் கடைத்தெருவிலும் சரி, நமது டவுன்களிலும் சரி, 18650 பெட்டரியின் மேல் 6800, 8800, 9900 மில்லி அம்பியர் மணி என்று பளபளவென்று அச்சடித்திருப்பதைக் காணலாம். இவை அத்தனையும் புளுகு. உலகத்தில் ஆகச் சிறந்த கொம்பனிகளின் 18650 பெட்டரியே 3500, 3600 அளவில்தான் நிற்கிறது. அந்தக் குழாய்க்குள் அதற்கு மேல் அடைக்க இடமில்லை. 14500 என்றால் 1000ஐ ஒட்டித்தான் வரும், 2000 என்று போட்டிருந்தால் பொய். 16340 என்றால் 800, 900க்குள். 10440 என்றால் 350ஐத் தாண்டாது. இந்த நாலு இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சூட்சுமம். நிறை பாருங்கள். உண்மையான 18650 பெட்டரி 45 கிராமுக்கும் 50 கிராமுக்கும் இடையில் நிற்கும். போலி அநேகமாக 30 கிராமுக்கும் வராது. வெட்டிப் பார்த்தவர்கள் பெரிய குழாய்க்குள் ஒரு சின்னப் பெட்டரியும், மீதி இடத்தில் ஏதோ தூளும் இருக்கக் கண்டிருக்கிறார்கள். (நீங்கள் வெட்டிப் பார்க்க வேண்டாம்!) கல்முனையில் ஒரு கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, பக்கத்து நகைக்கடைத் தராசில் தனது சரக்கிலிருந்து ஐந்து பெட்டரியை எடுத்துப் போய் வைத்தார். இரண்டு 47 கிராம். மூன்று 28ஐச் சுற்றி. "எனக்கும் மொத்த வியாபாரி இதைத்தான் தந்தான் தம்பி" என்று தலையைச் சொறிந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்த மூன்றையும் நமக்கு முன்னாலேயே மேசைக்குக் கீழே போட்டார், அது நல்ல மனசு. நம் ஊரில் வெங்காயம் நிறுக்கும் டிஜிட்டல் தராசிலும் இதைச் செய்யலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

போலியில் வெளிச்சம் குறைவு என்பது மட்டுமே பிரச்சினை என்றால் நாம் இவ்வளவு எழுத மாட்டோம். பழுதான லெப்டொப் பெட்டரிகளைப் பிரித்து, அதிலிருந்து எடுத்த பழைய செல்களுக்குப் புதுப் பிளாஸ்டிக் உறை போட்டு விற்பதும் இதில் சேர்த்தி. எத்தனை வருடம் உழைத்தது, எங்கே விழுந்தது, உள்ளே என்ன காயம் என்று ஒருவருக்கும் தெரியாது. 2021 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கத்தின் பாவனைப் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, தனியாக விற்கப்படும் 18650 செல்களை வாங்கவும் வேண்டாம், பாவிக்கவும் வேண்டாம் என்று பொதுமக்களுக்கு அறிவித்தது. பெரிய கொம்பனிகள் அந்தச் செல்களை ஒரு கருவிக்குள், பாதுகாப்பு சேர்கிட்டோடு பொருத்துவதற்கென்றே செய்கின்றன. கையில் எடுத்துப் போடுவதற்கு அல்ல.

அப்படியென்றால் எதை வாங்குவது? நமது அபிப்பிராயம் இது. சாதாரண வீட்டுக்கு, பெட்டரி உள்ளேயே பொருத்தி வரும், யூ.எஸ்.பி. வயரால் சார்ஜ் ஏற்றும், பெயருள்ள கொம்பனியின் டோர்ச் போதும். கழற்றிப் போடுவதே இல்லை என்பதால் மாறிப் போடும் பேச்சும் இல்லை. கழற்றும் வகைதான் வேண்டும் என்றால் பாதுகாப்பு சேர்கிட் உள்ள பெட்டரியைக் கேட்டு வாங்குங்கள். அதன் அடியில் காசு அளவில் ஒரு சின்னத் தகடு இருக்கும். சார்ஜ் மிஞ்சினாலோ, அளவுக்கு மிஞ்சி இறங்கினாலோ, நெகட்டிவும் பொசிட்டிவும் முட்டினாலோ அந்தத் தகடு கரண்டை நிறுத்திவிடும். அது இருப்பதால் பெட்டரி 65க்குப் பதில் 67 முதல் 70 மில்லிமீற்றர் வரை நீளமாக இருக்கும். அதை வைத்தே பாதி அடையாளம் கண்டுகொள்ளலாம். பெட்டியில் ஐ.ஈ.சி. 62133 என்ற தர இலக்கம் இருந்தால் நல்லது. அச்சடிப்பது லேசு என்பதால் அதை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது.

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் மட்டும் உள்ள வீட்டுக்கு லித்தியமே வேண்டாம் என்றும் சொல்வோம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் என்ற சார்ஜ் ஏற்றும் பெட்டரி 1.2 வோல்ட், சாதாரண டோர்ச், ரேடியோ எதிலும் போடலாம், இந்த மாதிரிச் சீறாது. வெளிச்சம் கொஞ்சம் குறையும். கக்கூசுக்குப் போய்வர அது தாராளம்.

புதுப் பெட்டரியை வாங்கி வந்ததும் தோட்டத்து எலெக்ட்ரீஷியனிடம் காட்டி மீற்றரில் அளந்து பாருங்கள். 3.5 வோல்ட்டைச் சுற்றி இருந்தால் சரி. 2.5க்குக் கீழே கிடந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டாம், கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அப்படிச் செத்துக் கிடந்த பெட்டரிக்குள் செப்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கும், திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அது உள்ளேயே முட்டிக்கொள்ளும். பில் கேட்டு வாங்கினால்தான் இதெல்லாம் முடியும். பில் தர மறுத்தாலோ, போலியைத் திருப்பி எடுக்க மறுத்தாலோ, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு ஃபோன் எடுக்கலாம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் நம்மிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

சுருக்குப் பையும் மடியும்

காக்கா சொன்ன மடி விஷயத்துக்கு வருவோம். பெட்டரியின் மேல் தலை பொசிட்டிவ். ஆனால் நெகட்டிவ் அடிப்பாகம் மட்டும்தான் என்று நினைக்கிறோம். அது தவறு. சுற்றியுள்ள தகரக் குழாய் முழுவதுமே நெகட்டிவ். பிளாஸ்டிக் உறைதான் அதை மூடி வைத்திருக்கிறது. தலைப்பக்கத்தில் அந்த உறை கொஞ்சம் கிழிந்தாலும், ஒரு சாவியோ சில்லறைக் காசோ மேலே பட்டு இரண்டையும் இணைத்துவிடும். கரண்ட் முழு வேகத்தில் பாயும். கொழுந்தெடுக்கப் போகும் நமது அம்மாமாரின் சுருக்குப் பைக்குள் என்ன இருக்கிறது? வெற்றிலை, சில்லறை, சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி. அதற்குள் ஒரு தனிப் பெட்டரியையும் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இடுப்பில் கட்டியிருக்கும் பை அது.

உறை கிழிந்த பெட்டரியைப் பாவிக்கவே வேண்டாம். உதிரிப் பெட்டரி கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் தனியாக வையுங்கள். பழைய மருந்து டப்பாவும் ஆகும்.

கரையில் உப்புத் தண்ணீர், மலையில் பனி. இரண்டும் டோர்ச்சுக்குள் போனால் துருதான். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் டோர்ச்சைத் திறக்க முன் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் திறக்கிறார்கள். பின் மூடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், அதற்குக் கொஞ்சம் சிலிக்கன் கிறீஸ் பூசுகிறார்கள். நாமும் மழைக்காலத்தில் அதைச் செய்யலாம். தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், சில ரப்பர் வளையங்கள் எண்ணெய் பட்டு ஊதிப்போகும்.

லயத்தில் சார்ஜ் ஏற்றுவது

லயத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ பக்கத்துக் காம்பராவைக் கேட்டுக்கொண்டு நிற்காது. ஒரே கூரை, ஒரே வரிசை. பெரும்பாலும் ஒரே வாசல். அதனால் நம் வீட்டு சார்ஜர் என்பது பத்துக் குடும்பத்தின் விஷயம்.

தூங்கும்போது சார்ஜ் ஏற்றாதீர்கள். மெத்தை, தலையணை, கம்பளி, துணி மூட்டை, தினசரிப் பத்திரிகை எதன் மேலும் வைக்காதீர்கள். சீமெந்துத் தரையில் அல்லது ஒரு மண்சட்டிக்குள் வைத்து, அடுப்புக்கும் வாசலுக்கும் விலகி, கண்பார்வையில் ஏற்றுங்கள். வாசலில் வைத்தால் தீ பிடிக்கும்போது வெளியேறும் வழியே அடைபடும். ஒரு ப்ளக்கில் மூன்று நாலு அடாப்டர் கோர்த்து, அதன் கடைசியில் டோர்ச்சைத் தொங்கவிடுகிற பழக்கத்தையும் பல காம்பராக்களில் கண்டிருக்கிறோம். அதை நிறுத்துங்கள்.

லித்தியம் பெட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் சார்ஜர் 4.2 வோல்ட்டில் தானாக நிறுத்த வேண்டும். சிவப்பு லைட் பச்சையாக மாறினால் நிறுத்திவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு நேரம் போனாலும் பச்சை வராத சார்ஜரைத் தூக்கி வீசுங்கள், பெட்டரியை விட அதுதான் ஆபத்து. சுவர் ப்ளக்கில் நேராகக் குத்தும் மலிவு டோர்ச் ஒன்று இருக்கிறது. அதில் பலவற்றின் உள் வயர் வீட்டுக் கரண்டோடு நேராகத் தொடர்புபட்டிருக்கும். சார்ஜ் ஏறும்போது மூடியைத் திறக்கவோ, உடைந்த டோர்ச்சைத் தொடவோ கூடாது, ஷொக் அடிக்கும். பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தனியாக ஒன்று. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் விடியலில், குளிர்ந்து கிடந்த டோர்ச்சை உடனே சார்ஜில் போடாதீர்கள். உறைநிலைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே தகட்டின் மேல் படிந்து, ஊசி மாதிரி வளர்ந்து, நடுப்படலத்தைக் குத்தும். விட்டிங்ஹாமின் பழைய பிரச்சினை திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டோர்ச் காம்பரா சூட்டுக்கு வந்த பிறகு ஏற்றுங்கள். கல்முனைக் கரையில் உள்ளவர்களுக்கு இதன் மறுபக்கம். வெயிலில் நிற்கும் போட்டிலும் வான் முன் கண்ணாடி ஓரத்திலும் பெட்டரியை வைக்கக் கூடாது.

கரண்ட் நிற்கும் நாளுக்கென்று எடுத்து வைக்கும் டோர்ச்சை முழு சார்ஜில் மாதக்கணக்காக வைத்தால் பெட்டரி சீக்கிரம் கிழடாகும். பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருக்கால் பாருங்கள். மழைக்காலம் தொடங்கும்போது முழுதாக ஏற்றிக்கொள்ளலாம்.

பெட்டரி தொட முடியாத சூடாகினாலோ, வீங்கினாலோ, இனிப்பும் ஸ்பிரிட்டும் கலந்த மாதிரி மணம் வந்தாலோ, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, இடுக்கியால் பிடித்து வெளியே திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். புகை வரத் தொடங்கிவிட்டால் தொடவே வேண்டாம், ஆட்களை வெளியே எடுங்கள். அந்தப் புகையில் நுரையீரலை அரிக்கும் நச்சு வாயு இருக்கிறது. மெயின் நிறுத்திய பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றலாம். லித்தியத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று படித்த பிள்ளைகள் சொல்வார்கள். அது தனி லித்தியம் உலோகத்துக்கு. இந்தச் சின்னப் பெட்டரிக்குத் தேவை குளிர்ச்சி. ஒரு கப் போதாது, வாளிக் கணக்கில் ஊற்ற வேண்டும்.

சாவிக்கொத்து டோர்ச்சும் பிள்ளைகளும்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் ஆகச் சின்ன டோர்ச்சில் பொத்தான் மாதிரித் தட்டையான பெட்டரி இருக்கும். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானிலும் அதுதான். சீ.ஆர். 2032 என்பது 20 மில்லிமீற்றர் அகலம். சின்னப் பிள்ளை விழுங்கினால் அது நெஞ்சுக் குழாயில் சிக்கும். ஈரம் பட்டதும் கரண்ட் ஓடி, இரண்டு மணித்தியாலத்துக்குள் குழாயை எரித்து ஓட்டை போடத் தொடங்கிவிடும். "ஓடாமப் போச்சு" என்று வீசிய பெட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி இருக்கும்.

விழுங்கினதைக் கண்ட ஆள் இல்லாமலும் இருக்கலாம். பிள்ளை எச்சில் வடிக்கும், சாப்பிட மறுக்கும், இருமும், தடிமன் என்று நினைத்துவிடுவோம். சந்தேகம் என்றால் போதும், தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டு எக்ஸ்றே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பெட்டரி விழுங்கியிருக்கலாம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மூக்கில், காதில் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம். பிள்ளைக்காம்பராவுக்குச் சாவிக்கொத்து டோர்ச் கொண்டு வரவேண்டாம் என்று நாம் ஆயாமாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தாய்மாரும் ஒத்துழைக்க வேண்டும். ஸ்குரூ இல்லாமல் நகத்தால் திறக்கிற மூடியுள்ள டோர்ச்சை வாங்கவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்

குவைத், சவூதி, டுபாய் பக்கம் வேலைக்குப் போன நம் பிள்ளைகளும், கல்முனைப் பிள்ளைகளும் வரும்போது டோர்ச், பவர் பேங்க் கொண்டு வருகிறார்கள். உதிரிப் பெட்டரியும் பவர் பேங்கும் கையில் கொண்டு வரும் பையில்தான் வர வேண்டும். ப்ளேனின் அடியில் போகும் பெரிய பெட்டியில் போடக் கூடாது. 2010 செப்டம்பர் 3ஆந் திகதி டுபாயிலிருந்து கிளம்பிய யூ.பி.எஸ். கொம்பனியின் சரக்கு விமானம் ஒன்று நடுவானில் தீப்பிடித்து விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். அதில் ஏற்றியிருந்த சரக்கில் லித்தியம் பெட்டரிகள் இருந்தன. கையில் இருந்தால் புகை வரும்போது ஆள் காண்பார், அடியில் இருந்தால் காண ஆளில்லை. பார்சல் கட்டி அனுப்புகிறவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

இனி, செத்த பெட்டரி. அடுப்பில் போடாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள், பீலித் தண்ணீர் ஓடும் கானில் வீசாதீர்கள். நமது காரியாலய வாசலில், மழை படாத பக்கமாக, காய்ந்த மணல் நிரப்பிய ஒரு மூடித் தகரம் வைத்திருக்கிறோம். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் அதைக் கொடுக்க ஏற்பாடு. கொண்டு வருகிறவர்கள் பெட்டரியின் இரண்டு தலைப்பிலும் கறுப்பு டேப் துண்டு ஒட்டிக் கொண்டு வாருங்கள். டேப் இல்லாதவர்களுக்கு மேசை லாச்சியில் ஒரு உருளை வைத்திருக்கிறோம், கேட்டு வாங்கி ஒட்டிவிட்டுப் போடுங்கள். வீங்கினதை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரவேண்டாம், ஒரு மண்சட்டியில் மணலோடு வைத்து, ஆள் அனுப்பிச் சொல்லுங்கள், நாமே வந்து எடுத்துக்கொள்கிறோம்.